எந்த இருநூத்திப் பதினாலுங்க?

1

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு மலையாளத்தில் போன் வந்தது.

நான் இருப்பது அயர்லாந்தில், பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊர். மனைவி சுமதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குக் காளான் பண்ணையில் வேலை. பள்ளிக்கூடத்து நம்பரைப் பார்த்ததும் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, கையுறையை உருவி எறிந்துவிட்டு எடுத்தேன். "நமஸ்காரம் சேட்டா" என்றது ஒரு பெண்குரல். பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவதற்காகப் பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளராம். திருச்சூர்க்காரர்.

நானும் மலையாளத்திலேயே பேசினேன். பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கத்துக்காரனுக்கு அது ஒரு வித்தையா? வில்லேஜ் ஆபீஸ், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த மொழியில்தானே நடந்தது. கூட்டம் எப்போது, யார் யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகும்போதுதான் கேட்டேன். என்னோடு மலையாளத்தில் பேச வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

"ஸ்கூள் கம்ப்யூட்டரில் வீட்டு பாஷை மலையாளம் எந்நாணல்லோ கிடக்குந்நது."

"சேச்சி, ஞங்கள் தமிழாணு."

"அய்யோ! பின்னெ இத்ர நேரமாயிட்டு எந்தா பறயாதிருந்நது?"

இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. காரியம் நடந்துகொண்டிருந்தது, அதனால் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனேன். மகள் தர்ஷினி என் பின்னால் நின்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கப்பா. இவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பிரண்ட்ஸ் பாக்கறாங்க." ஆபீசில் இருந்த அம்மாள் நல்லவர்தான். பிறந்த இடம் கேரளா என்று நாங்கள் கொடுத்திருந்தோம், கேரளா என்றால் மலையாளம் என்று கணினி தானே நிரப்பிக்கொண்டது என்றார். "கிட்டத்தட்ட சரிதானே?" என்று சிரித்தார்.

கிட்டத்தட்ட! பாலக்காட்டுப் பஸ் ஸ்டாண்டில் வாய் திறந்தால் நான் 'பாண்டி', அதாவது தமிழன். செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் 'மலையாளத்தான்'. இரண்டு பக்கமும் கிட்டத்தட்டவே வாழ்ந்து பார்த்தவன் நான். இங்கேயும் அதையே வாங்கிக்கொள்ள நான் இத்தனை தூரம் வரவில்லை. "மாற்றிவிட்டுத்தான் போவேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். விசாவைப் பிடுங்கிவிடுவார்களோ, மகளுக்கு மார்க்கைக் குறைத்துவிடுவார்களோ என்று ஆயிரம் யோசனை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மாள் என்னிடம் எழுத்து எழுத்தாகக் கேட்டுத் 'தமிழ்' என்று அடித்தார்.

சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் கம்ப்யூட்டர் கிளாஸ் போய் இணையதளம் கட்டக் கற்றுக்கொள்ளும் நம் பையன்களும் பெண்களுமான நீங்கள் சிலர், நம் வாய்க்கால் சங்கத்து இணையப் பக்கம் எப்படிக் கெட்டது, விளக்கி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இவன் எதற்குப் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். கெட்டதும் இதே மாதிரிதான்.

2

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளை வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். இந்த வயலுக்கு இன்ன கிழமை, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று கணக்கு. முன்பெல்லாம் சங்கச் செயலாளர் கந்தசாமியண்ணன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்வார். பாதிப் பேர் எடுக்கமாட்டார்கள். எடுத்தவர்கள் மறந்துவிடுவார்கள். நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, "ஏப்பா, கம்ப்யூட்டர் படிக்கறேன்னு சொல்றயே, இதுக்கு ஒண்ணு பண்ணிக் குடுக்கமாட்டயா?" என்று கேட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். யாரும் துரத்தவில்லை, நானேதான் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இங்கே வந்தபிறகு நூலகத்தில் சாயங்காலம் நடக்கும் இலவச வகுப்பில் கற்றதுதான் எல்லாம். அதை வைத்துச் சங்கத்துக்கு ஒரு பக்கம் கட்டினேன். முறைக்கு முந்தின நாள் வயல்காரரின் போனுக்குத் தானாகச் செய்தி போகும். வயலின் சர்வே நம்பரை அடித்தால் முறை எப்போது என்று பார்த்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் கேட்கலாம்.

ஊரில் எனக்கு இப்போது வயல் கிடையாது. வீடு பூட்டிக் கிடக்கிறது. சங்கத்தில் பேர் இருக்க வேண்டுமென்றால் வயல் இருக்க வேண்டும். எனக்கு விதிவிலக்குக் கொடுத்திருப்பது இந்தப் பக்கத்துக்காக மட்டும்தான். அது போனால் ஊரில் என் பேச்சுக்கு நிற்க ஒரு வரப்புகூட இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சென்னியப்பண்ணன், ஆறுச்சாமி என்று அண்ணன் தம்பிகள். அப்பா வழி வந்த 214-ஆம் சர்வே நம்பர் வயலை எப்போதோ பாகம் பிரித்துப் பத்திரம் பண்ணிவிட்டார்கள். அண்ணனுக்கு 214/1, தம்பிக்கு 214/2; ஊர்ப் பேச்சில் 'பை ஒண்ணு', 'பை ரெண்டு'. ஆனால் வெள்ளாமை ஒன்றாகத்தான் நடந்தது. இரண்டு வயலுக்கும் அண்ணனின் போன் நம்பரே போதும் என்று கொடுத்திருந்தார்கள். இந்த வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது. ஆறுச்சாமி தனியாக நாற்று விட்டு, தன் வயலுக்குத் தன் போன் நம்பரைப் போடச் சொன்னான். போட்டேன். நான் மாற்றியது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை முறை வந்தது. அண்ணனுக்குக் காலை ஆறிலிருந்து பத்து, தம்பிக்குப் பத்திலிருந்து இரண்டு. என் பக்கம் என்ன செய்தது தெரியுமா? ஆறிலிருந்து பத்து என்று இருவருக்கும் செய்தி அனுப்பியது. பத்திலிருந்து இரண்டு என்றும் இருவருக்கும் அனுப்பியது. எட்டு மணி நேரமும் தனக்கே என்று நினைத்துக்கொண்டு இருவரும் ஆறு மணிக்கு மண்வெட்டியோடு மடையில் நின்றிருக்கிறார்கள். ஒருவர் திறக்க, ஒருவர் அடைக்க, வார்த்தை தடித்து, பாதித் தண்ணீர் வடிகாலில் போய்விட்டது.

காலை டீ இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தால் அழைப்புகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் சென்னியப்பண்ணனுக்குப் போட்டேன்.

"ஏனப்பா, நீ என்ற பக்கமா, அவன் பக்கமா? அத மொதல்ல சொல்லு."

"இதுல பக்கமெல்லாம் இல்லீங்ணா."

"அப்பறம் எனக்கு அனுப்புன மெசேச அவனுக்கும் அனுப்பியிருக்கறயே! சீமைல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேர்த்தையும் மோத உட்டு வேடிக்கை பாக்கறயா?"

"முன்னாடி எப்பவாச்சும் இப்படி ஆச்சுங்களா?"

"எப்பவும் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டாத்தான் வரும். இவன் மறந்துருவான், அழுத்திச் சொல்லுவம்னு அனுப்பறயாட்ட இருக்குதுன்னு உட்டுட்டன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆக, முதல் நாளிலிருந்தே தவறு இருந்திருக்கிறது. இரண்டு வயலுக்கும் ஒரே போன் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து ஆறுச்சாமி. அவன் கத்தவில்லை, அது இன்னும் மோசம். "ஏனுங்ணா, பாகம் பிரிச்சு, பத்தரம் பண்ணி, கல்லு நட்டு வெச்சுட்டம். உங்க கம்ப்யூட்டரு எங்கள மறுக்கா ஒண்ணு சேத்தி வெக்கப் பாக்குதுங்களா? எங்க பெரியப்பன் மூணு தடவ பஞ்சாயத்து வெச்சும் முடியலீங்க, அதுனால ஆகுமுங்களா?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் கந்தசாமியண்ணன். "கோவிச்சுக்காத தம்பி. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டம் வெச்சிருக்குது. பொள்ளாச்சிலிருந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து கேட்டுட்டுப் போனாங்க. அவங்க கையில குடுத்தரலாமான்னு ஒரு பேச்சு ஓடுது. நீயும் போன்ல வா. சொல்லாம செஞ்சம்னு இருக்கக்கூடாது பாரு."

3

இனி விஷயம். நிதானமாகப் படியுங்கள். நானும் நிதானமாகச் சொல்கிறேன்.

பக்கத்தின் பின்னால் பட்டியல்களை வைத்திருக்கும் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை உண்டு. இது எண், இது எழுத்து, இது தேதி என்று. 214 என்பது எண்ணாக இருந்தால் அதைக் கூட்டலாம், கழிக்கலாம். எழுத்தாக இருந்தால் அது வெறும் மூன்று குறிகள். '2', '1', '4' என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற குறிகள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு.

என்னிடம் இரண்டு பட்டியல் இருந்தன. ஒன்று வயல் பட்டியல்: சர்வே நம்பர், வயல்காரர், போன். அதில் சர்வே நம்பரை எழுத்து வகையாக வைத்திருந்தேன். இன்னொன்று முறைப் பட்டியல்: சர்வே நம்பர், கிழமை, நேரம். இதைப் பல மாதம் கழித்துக் கட்டினேன். 'நம்பர்' என்றுதானே சொல்கிறோம், எண்ணாகவே வைப்போம் என்று எண் வகை கொடுத்துவிட்டேன்.

எண் கட்டத்துக்குள் நான் '214/1' என்று போட்டேன். எண்ணில் சாய்கோடு வராது. தரவுத்தளம் என்ன செய்திருக்க வேண்டும்? இது எண் இல்லை, எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. முன்னால் இருந்த 214-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, சாய்கோட்டையும் அதற்குப் பிறகு வந்ததையும் தூக்கி எறிந்துவிட்டது. '214/2'-க்கும் அதேதான். எங்கோ ஒரு மூலையில் 'எச்சரிக்கை' என்று முனகியதாம். நான் அதைப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

அடுத்த கூத்து செய்தி அனுப்பும்போது நடந்தது. முறைப் பட்டியலின் சர்வே நம்பரும் வயல் பட்டியலின் சர்வே நம்பரும் எங்கே ஒன்றாக இருக்கின்றனவோ அந்தப் போனுக்கு அனுப்பு என்று கேட்டிருந்தேன். ஒரு பக்கம் எண், மறு பக்கம் எழுத்து. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? நான் பயன்படுத்தும் தரவுத்தளம் அந்த எழுத்தைத் தானே எண்ணாக மாற்றிக்கொண்டு ஒப்பிடும். '214/1' மறுபடியும் 214 ஆயிற்று. '214/2'-வும் 214 ஆயிற்று. 214-க்கு 214 சமம். எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்திவிட்டது. நீங்களும் செய்து பார்க்கலாம்:

WHERE survey_no = 214

எழுத்துக் கட்டத்தில் இப்படிக் கேட்டால் 214/1, 214/2, இருந்தால் 214/3A என எல்லாம் வரும். மேற்கோள் குறிக்குள் வைத்து இப்படிக் கேளுங்கள்:

WHERE survey_no = '214/1'

அந்த ஒரு வயல் மட்டும் வரும். ஏனென்றால் இப்போது இரண்டு பக்கமும் எழுத்து. யாரும் எதையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் சொல்லாமலேயே தரவுத்தளம் தானாக ஒரு வகையை இன்னொரு வகையாக ஆக்கிக்கொள்வதற்குத்தான் மறைமுக வகைமாற்றம் என்று பெயர். இன்னும் சில உதாரணம் பாருங்கள். பாலக்காட்டின் போன் கோடான 0491-ஐ எண் கட்டத்தில் போட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 491 என்று காட்டும். அதைவிடப் பயங்கரம், எண்ணே இல்லாத பெயரை எண்ணோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? பெயர்க் கட்டம் பூஜ்யத்துக்குச் சமமா என்று கேட்டுப் பாருங்கள். சென்னியப்பன் வருவார், ஆறுச்சாமி வருவான், ஊரே வரும். எழுத்தில் எண்ணைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதன் கண்ணில் பூஜ்யம். உள்நுழையும் பக்கத்தில் இப்படி ஓட்டை விட்டால் யாருடைய கணக்குக்குள்ளும் யாரும் புகுந்துவிடலாம். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நூலக வகுப்பை நடத்தும் மார்த்தா போலந்துக்காரர். அவரிடம் என் திரையைக் காட்டிப் புலம்பினேன். "இது உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறது. அதுதான் இதில் உள்ள கெடுதல்" என்றார். சில தரவுத்தளங்கள் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுமாம்.

மரியாதை என்றதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. நம்மிடம் ஒரு 'ஆகட்டுங்க' இருக்கிறதே! கூலிக்கு வரச் சொன்னால் ஆகட்டுங்க. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஆகட்டுங்க. சொன்னது காதில் விழாவிட்டாலும் ஆகட்டுங்க. மறுபடி கேட்டால் எதிராளி மனசு கோணுமாம். சொன்னதில் புரிந்த பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வாய்க்காலில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம். என் தரவுத்தளம் அசல் கொங்குக்காரன். '214/1' என்றேன், ஆகட்டுங்க என்றது.

4

சுமதி மூணாறு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் பேச்சே வேறு. நான் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இப்ப என்னத்துக்கு இப்படி மருகிக்கிட்டுக் கெடக்கீக? வயலா முங்கிப் போச்சு?" என்றாள்.

"நம்பர்னு சொன்னா எண்ணுன்னுதான நெனைப்பாங்க? என்ற மேல என்ன தப்பு?"

"எங்கய்யாவுக்கு எஸ்டேட்ல நம்பர்தான் பேரு. சம்பளத்துக்கும் அந்த நம்பர், ஆஸ்பத்திரிக்கும் அந்த நம்பர். அதுக்காக எங்கய்யா நம்பரையும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா நம்பரையும் கூட்டிப் பாக்கவா முடியும்? அது பேருதான?"

இதை நான் உங்களுக்கு விதியாகவே தருகிறேன். ஒரு கட்டத்துக்கு எண் வகை கொடுக்கும் முன், இதில் இரண்டைக் கூட்டினால் அர்த்தம் வருமா என்று கேளுங்கள். இரண்டு வயலின் ஏக்கரைக் கூட்டலாம், எண். இரண்டு சர்வே நம்பரைக் கூட்டி என்ன செய்வது? போன் நம்பர், வீட்டு நம்பர், பின்கோடு, ரேஷன் கார்டு நம்பர், எல்லாம் நம்பர் என்று வேஷம் போட்ட பெயர்கள். எழுத்தாக வையுங்கள்.

நான் செய்த மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். முறைப் பட்டியலில் சர்வே நம்பரை எழுத்து வகையாக்கி, ஒவ்வொன்றையும் பத்திரத்தில் உள்ளபடி மறுபடி அடித்தேன். ஒப்பிடும் இரண்டு கட்டமும் ஒரே வகை என்பதை உறுதி செய்தேன். வேகமும் கூடியது, ஏனென்றால் முன்பு ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்கள் அடிப்பது எப்போதும் எழுத்தாகத்தான் வந்து சேரும், அதை எழுத்து என்று சொல்லியே தரவுத்தளத்துக்கு அனுப்புகிறேன். பிறகு தரவுத்தளத்தையே கண்டிப்பு முறைக்கு மாற்றினேன். இனி எண் கட்டத்தில் எழுத்தைத் திணித்தால் எடுத்துக்கொள்ளாது, பிழை என்று நிற்கும். ஒன்று கவனம்: கண்டிப்பு முறை உள்ளே போடுவதைத்தான் காவல் காக்கும். கேட்கும்போது நடக்கும் மாற்றத்தைத் தடுக்காது. அதற்கு நீங்கள்தான் காவல்.

கடைசியாக, பாகம் பிரிந்த வயலுக்கு யாராவது வெறும் 214 என்று அடித்தால், பக்கம் எதையும் காட்டாது. 'எந்த இருநூத்திப் பதினாலுங்க?' என்று கேட்கும். அந்த வரியை நான்தான் எழுதினேன். கேட்பதையும் மரியாதையாகவே கேட்கலாமே.

5

கூட்டத்துக்கு முன் இருந்த மூன்று நாளில் எனக்கு வந்த போன்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தண்ணீர் வீணானதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் குறை அந்தக் கேள்வி மேல்தான்!

ஞாயிற்றுக்கிழமை அங்கே சாயங்காலம், எனக்கு மத்தியானம். கந்தசாமியண்ணன் போனை மேஜை மேல் வைத்திருந்தார். நாற்காலி இழுக்கும் சத்தமும் இருமலும் கேட்டன. முதல் குரலே சென்னியப்பண்ணனுடையது.

"முன்னாடி இருநூத்திப் பதினாலுன்னா இருநூத்திப் பதினாலு. போட்டா வரும். இப்ப என்னையே எந்த இருநூத்திப் பதினாலுன்னு கேக்குது. என்ற வயக்காட்டுல நின்னுக்கிட்டு என்னைய நீ யாருன்னு கேக்கற மாதிரி இருக்குது."

கூட்டத்தில் சிரிப்பு. ஆனால் அவரோடு சேர்ந்து இன்னும் நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

கந்தசாமியண்ணன் சமாதானமாகச் சொன்னார். "தம்பி, பொள்ளாச்சிக்காரங்க என்ன சொல்றாங்கன்னா, எதைப் போட்டாலும் எடுத்துக்குமாம், கேள்வியே கேக்காதாம். நீ அந்தக் கேள்விய எடுத்துட்டா உன்ற கையிலயே இருக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க. எடுத்துடறயா?"

இதுதான் பேரம். ஒரு வரியை அழித்தால் போதும், சங்கத்தில் என் பேர் நிற்கும். ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுமதி சமையல்கட்டு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கமாட்டனுங்க" என்றேன்.

அங்கே யாரோ போனை மேஜை மேல் கிட்டே இழுத்தார்கள்.

"பொள்ளாச்சிக்காரங்க நல்லாப் பண்ணுவாங்க. படிச்சவங்க. நான் அவங்களக் குத்தம் சொல்லலீங்க. பக்கத்த அவங்களுக்கே குடுங்க. ஆனா அவங்ககிட்டயும் இந்தக் கேள்விய வெக்கச் சொல்லித்தான் குடுக்கோணும். கேக்காம எடுத்துக்கிட்டதுனாலதான் அன்னைக்குத் தண்ணி வடிகாலுக்குப் போச்சு. எதைப் போட்டாலும் எடுத்துக்கறது தப்பையும் எடுத்துக்கும். என்ற பேரச் சங்கத்துல இருந்து எடுத்துருங்க, பரவால்ல. கேள்விய எடுக்காதீங்க."

ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். இத்தனை வயதில் கூட்டத்தில் நான் 'மாட்டேன்' என்று சொன்னது அப்போதுதான்.

கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர், "வயல் இல்லாதவனுக்கு வாயப் பாரு" என்றார். அது சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பின்னாலிருந்து ஆறுச்சாமி குரல் கேட்டது.

"கேக்கட்டுமுங்க. கேட்டா என்ன கொறஞ்சா போயிரும்? என்ற வயலுக்குன்னு ஒரு நம்பர் இருக்குதுன்னு அது ஒண்ணுதான் ஒத்துக்குது."

"யார்ரா அவன் நடுவுல?" என்று அண்ணன் சீறினார்.

"பை ரெண்டுங்க" என்றான் தம்பி.

கூட்டமே வெடித்துச் சிரித்தது. கந்தசாமியண்ணன் மேஜையைத் தட்டினார். இந்தப் போகம் முடியும்வரை பக்கம் இருக்கிறபடியே இருக்கட்டும், கேள்வியும் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். போகம் முடிந்ததும் என்ன ஆகுமோ என்ற கவலை இப்போதே ஆரம்பித்துவிட்டது. என் சுபாவம் அப்படி. ஆனால் கேள்வியை எடுக்கமாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

நேற்று அடுத்த முறைக்கு முந்தின நாள். காளான் பண்ணையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் என்ன அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்படி ஒரு மூலை வைத்திருக்கிறேன். 214 என்று வந்தது. பக்கம் கேட்டது. மறுபடியும் 214. பக்கம் மறுபடியும் கேட்டது. மூன்றாவது தடவை அடிப்பதற்குப் பதிலாகச் சென்னியப்பண்ணனிடமிருந்து எனக்கே போன் வந்தது.

"ஏனப்பா, என்ற காடு எதுன்னு உன்ற கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்ணா. நீங்கதான் சொல்லோணும்."

"உனக்குத் தெரியுமல்ல?"

"எனக்குத் தெரியுமுங்க. அதுக்குத் தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க."

"கெரகம்" என்று வைத்துவிட்டார்.

சோற்றுப் பெட்டியை மூடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கோபித்துக்கொண்டு விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு 2 வந்தது, 1 வந்தது, 4 வந்தது. அங்கே நின்றது. கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடலாமா என்று இருந்தபோது, ஒரு சாய்கோடும் அதன் பின்னால் ஒரு 1-ம் வந்து விழுந்தன. பத்திரம் பண்ணி இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டை அவர் தன் கையால் போட்டது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.